அல்சாஸின் சாலையும் பாறசாலையின் பனையும்

பிரான்சின் திராட்சை நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாமே ஆதிகாலம் தொட்டு அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மரச்சட்டம் இழைத்த வீடுகள், சரிவெங்கும் கொடிகள், நிலவறையில் பீப்பாய்கள் என்று அங்குள்ள தோற்றம் அப்படித்தான் எண்ண வைக்கும். ஆனால் ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸில் புகழ்பெற்ற வைன் சாலை திறக்கப்பட்டது 1953 மே 30 அன்றுதான். வடக்கே மார்லன்ஹைம் முதல் தெற்கே தான் (Thann) என்ற ஊர் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் பென்விர், சிகோல்ஸ்ஹைம் போன்ற திராட்சைக் கிராமங்கள் இடிபாடாகக் கிடந்தன. 1871-இல் ஜெர்மனிக்குப் போய், முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பி, 1940-இல் மறுபடி கைமாறி, போர் முடிகையில் மீண்டும் பிரான்சோடு சேர்ந்த பூமி அது. வைனைச் சாக்காக வைத்துப் போகிறவர், கோல்மாரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்தைப் பார்க்கிறார். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் புதுப்பித்த ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடம் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்.

சாலை போட்டதாலா ஆட்கள் வந்தார்கள்? அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சுற்றுலாத் துறைகள் வசதியாக மறந்துவிடுகின்றன. 1907-இல் பிரான்சின் தெற்கே லாங்டாக் பகுதியில் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்கவைத்த போலி வைன் சந்தையில் அவர்கள் விலையை அடித்துப் போட்டிருந்தது. நார்போனில் படை சுட்டதில் உயிர்கள் போயின. கலப்படத்தை ஒடுக்கும் சட்டங்கள் இறுகியதும், எந்த ஊர்ப் பெயரை எந்தச் சரக்கின்மேல் ஒட்டலாம் என்று 1935-இல் தேசிய அளவில் விதி வந்ததும் இந்த வரிசையில்தான். அல்சாஸுக்கு அந்தப் பெயர் உரிமை 1962-இல் கிடைத்தது. 1972 முதல் அல்சாஸ் வைனை அந்த வட்டாரத்துக்குள்ளேயே புட்டியில் அடைக்க வேண்டும். பீப்பாயோடு தூக்கிப்போய் வேறெங்கோ கலந்து விற்க முடியாது. காசு கிராமத்தில் தங்கியதற்கும் குடிக்க விரும்புகிறவர் கிராமத்தைத் தேடி வந்ததற்கும் இந்த விதிக்குப் பெரும் பங்குண்டு. இயற்கை அழகு மட்டும் காரணமல்ல; அது உலகில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது.

இப்போது தமிழ்நாடு-கேரள எல்லையில், நெய்யாற்றின்கரை வட்டத்துப் பெருங்கடவிளைப் பக்கம் வருவோம். 1956 நவம்பர் 1 அன்று போட்ட மாநில எல்லைக் கோட்டில் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது, விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகின்றன. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர், நெய்யாற்றங்கரையில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறத்தில் தொடங்கலாம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலா, கமுகின்கோடு அந்தோணியார் கோயில், பாலராமபுரம் தறி எல்லாம் கிட்டத்திலேயே. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் சிதறால் சமணக் குன்று, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை. இவற்றைக் கோக்கும் சரடு நம்மிடமும் இருந்தது: பனை. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெலிதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் இறங்குவது அக்கானி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகும். அடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டி, பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஒரு கிலோவுக்கு எட்டு, பத்து லிட்டர் அக்கானி போகும்.

அந்தக் கணக்கில்தான் வில்லங்கம். பத்து லிட்டர் இறக்கிக் காய்ச்சுவதைவிடச் சீனியைக் கரைத்து ஊற்றுவது மலிவு. சந்தையில் அதுவும் கருப்பட்டி என்ற பெயரிலேயே போகிறது. 1907-க்கு முந்தைய லாங்டாக்கின் நிலை இது. இந்த நிலையில் "பனைச் சுற்றுலா" என்று பலகை நட்டால், வருகிறவர் போலியை வாங்கிப்போவார், பனையேறிக்கு ஒரு பைசாவும் கூடுதலாகக் கிடைக்காது.

குடியைச் சுற்றுலாவாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சே 1991-இல் எவின் சட்டம் போட்டு மது விளம்பரத்தைக் கட்டிப்போட்ட நாடுதான். நம் பக்கத்தில் அந்தச் சண்டைக்கே போக வேண்டாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை; ஒரே பனைச்சாறு களியக்காவிளையில் குற்றமாகவும் பாறசாலையில் வியாபாரமாகவும் ஆகிறது. சுண்ணாம்புக் கலயத்து அக்கானியையும் கருப்பட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

கனமான மறுப்பு வேறு. பனையேற்றம் சாதியின் நுகமாக இருந்த மண் இது. திருவிதாங்கூரில் பனையேறும் ஏணிக்கே ஏணிக்காணம் என்று வரி இருந்தது. மேலாடை உரிமைக்காக 1859 வரை கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பெண்கள் அடிபட்டார்கள். பனையேறிகளின் பேரப்பிள்ளைகள் படித்து மரத்தை விட்டு இறங்கியது விடுதலை. அவர்களைக் கேமராவுக்கு முன் மறுபடி ஏற்றுவது அநியாயம். இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்தையே கைவிட்டது விடையாகவில்லை. இன்றும் ஏறுகிற சிலர் விழுந்தால் கேட்பாரில்லாமல் ஏறுகிறார்கள். அல்சாஸின் ரிபோவில்லேயில் 1895-இலேயே விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, வைனைத் தாங்களே தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். கேரளமும் 1985-இல் பனைத் தொழிலாளருக்கென்று கெல்பாம் நிறுவனத்தைத் தொடங்கியது. கட்டமைப்புக்குப் பஞ்சமில்லை, பெயருக்கும் தரத்துக்கும் உரிமையாளர் ஏறுகிறவரா வியாபாரியா என்பதை எழுதிவைக்கும் விதிக்குத்தான் பஞ்சம்.

பெருங்கடவிளை மேடுகளில் இன்று பனையைவிட ரப்பரே கண்ணில் படும் என்பதும் மெய். திராட்சைக்கொடி மூன்றாண்டில் காய்க்கும். பனை பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டாகும். ஆகவே முதலில் வெட்டாமல் விடவேண்டும், நடுவது அடுத்து. எல்லையும் ஒரு தடைதான்: நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. அதே இரண்டு அரசுகள்தான் தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பதைச் சிக்கலின்றி ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தண்ணீரைவிட எளிதான விஷயம் கருப்பட்டி. குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே பொருளுக்கு எல்லையின் இரு பக்கமும் சேர்ந்து கேட்கச் சட்டத்தில் தடையில்லை. பாஸ்மதியின் குறியீடு பல மாநிலங்களின் பகுதிகளைச் சேர்த்தே தரப்பட்டிருக்கிறது. மாசியில் சிவராத்திரிக்கு அருவிப்புறத்தில் கூட்டம் கூடும்போது அக்கானி இறங்கும் காலமும் தொடங்கியிருக்கும். சீனி கலந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஒரு மேசையும், பனையேறிகள் சங்கமே நடத்தும் ஒரு காய்ச்சும் அடுப்பும் ஆற்றங்கரையில் வைக்க 170 கிலோமீட்டர் சாலை தேவையில்லை.