எதற்காகக் காத்திருக்கிறது உங்கள் கம்ப்யூட்டர்?

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலுச்செட்டிச்சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர். காஞ்சிப் பட்டு நெய்யப்படும் இந்த வட்டாரத்தில், கரைக்கும் முந்திக்கும் பூவேலை வரையும் வேலை கிராப் தாளிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து முடித்தாலும் திரை முழுதாக எழுந்திருக்காது. டிசைனைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்ற யோசனை உடனே வந்துவிடும்.

கூலி வருமானத்தில் நடக்கும் குடும்பத்துக்கு அது சின்னச் செலவில்லை. அதற்குச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

அளந்து பார்ப்போம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளோடு சதவீதங்கள் தெரியும். இழுத்துக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பில் அடிக்கடி காணும் காட்சி இது: சிபியு 12%, டிஸ்க் 100%. கணக்குப் போடும் பிராசசர் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. தகவலை எடுத்துத் தர வேண்டிய ஹார்டு டிஸ்க் மூச்சுமுட்டி நிற்கிறது.

கோர்வைத் தறி தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நெசவாளர் எவ்வளவு விரைவாக நாடாவை வீசினாலும், ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் துணையாள் தள்ளிவிடும்வரை அடுத்த ஊடைக்குப் போக முடியாது. தாமதம் துணையாளிடம் இருக்கும்போது நெசவாளரை மாற்றிப் பயனில்லை.

இதையே கணக்காகச் சொன்னவர் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஜீன் அம்டால். 1967-இல் அவர் முன்வைத்த வாதம் இன்று அம்டால் விதி எனப்படுகிறது. ஒரு வேலைக்கு 100 விநாடி ஆகிறது. அதில் 90 விநாடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 10 விநாடி பிராசசரின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். இருமடங்கு வேகமான பிராசசர் வாங்கினால் மிச்சமாவது வெறும் 5 விநாடி. டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமானதாக மாற்றினால் மொத்த வேலையும் 19 விநாடியில் முடிந்துவிடும்.

சுழலும் தட்டு

டிஸ்க் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. லேப்டாப்களில் வந்த பல தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். முனை நகர்வதற்கு இன்னொரு 12 மில்லி விநாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலுக்கு ஏறக்குறைய 17.5 மில்லி விநாடி. விநாடிக்குச் சுமார் 60 துண்டுகள்தான் கைக்கு வரும்.

நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கோ அந்த நேரத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள் வீணாகின்றன. கம்ப்யூட்டர் எழுந்திருக்க அங்கங்கே சிதறிக் கிடக்கும் 6,000 துண்டுகளைப் படிக்க வேண்டும் என்றால், அதற்கே 100 விநாடி போய்விடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒரு துண்டை ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் தருகிறது. அதே 6,000 துண்டுகள் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போட்டால் புத்துயிர் வந்ததுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்கள் பல லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஹார்டு டிஸ்க்கோடு வந்த அந்த லேப்டாப்களில் பல, இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு எஸ்எஸ்டியும் விண்டோஸுக்குப் பதில் எடை குறைந்த லினக்ஸும் போட்டால் எழுத, படிக்க, வரைய இன்னும் உழைக்கும்.

மெமரி நிரம்பினால்

மெமரி 93%, 95% என்று நின்றால் கதை வேறு. மெமரி எனப்படும் ரேமில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் அப்போதைக்கு வேண்டாத ‘பக்கங்களை’, அதாவது மெமரியின் சிறு துண்டுகளை, டிஸ்க்கில் எழுதி வைக்கும். வேண்டும்போது திரும்ப எடுக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே வந்த உத்தி இது. அளவோடு நடந்தால் நல்லது. அளவு மீறினால், ஒரு பக்கத்தை எடுக்க இன்னொன்றை வெளியே தள்ளி, தள்ளியதையே மறுநொடி திரும்பக் கேட்டு, எடுப்பதும் வைப்பதுமே முழுநேர வேலையாகிவிடும். 1968-இல் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்து விளக்கினார். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று சரிந்துவிடுகிறது. ஆறு டேப் வரை நன்றாக ஓடிய பிரவுசர் ஏழாவதில் உறைந்துபோவது இதனால்தான்.

ஆகவே, கம்ப்யூட்டரோடு தானாகவே தொடங்கும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்துங்கள். ஒன்றுக்கு மேல் ஆன்டிவைரஸ் வேண்டாம். இடமிருந்தால் ரேமை 8 ஜிபியாக்குங்கள். ரேமைக் காலிசெய்து தருவதாகச் சொல்லும் ‘பூஸ்டர்’ புரோகிராம்களை அண்ட விடாதீர்கள். அவை வெளியே தள்ளும் பக்கங்களை மறுபடி டிஸ்க்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

வேலையின் எடை

டிசைன் வேலையில் இன்னொரு சுமை கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது. ஏ4 தாளில் வரைந்த மாங்காய்ப் புட்டாவை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் மெமரியில் 35 எம்பி. 600 டிபிஐ வைத்தால் நான்கு மடங்காகி 139 எம்பி. லேயர் சேர்க்கச் சேர்க்க, அன்டூ நினைவில் வைக்க வைக்க, இது பெருகிக்கொண்டே போகும்.

இப்போது தறியின் தேவையைப் பாருங்கள். 1804-இல் பிரான்சின் ஜக்கார்ட் செய்த கருவி முதல் இன்றைய அட்டை ஜக்கார்டு வரை, பூவேலையைத் தறிக்குச் சொல்லும் அட்டையின் ஓர் இடத்தில் துளை உண்டா இல்லையா என்பதுதான் சேதி. 240 கொக்கி ஜக்கார்டில் 1,000 அட்டைகள் ஓடினாலும் 2,40,000 துளையிடங்கள். வெறும் 30,000 பைட். ஸ்கேன் செய்த படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தறிக்குப் போய்ச் சேராத நுணுக்கத்தைச் சுமந்துதான் கம்ப்யூட்டர் திணறுகிறது. குறைந்த டிபிஐயில் ஸ்கேன் செய்து, தேவையான பகுதியை மட்டும் வெட்டி, நிறங்களை எண்ணிக்கையில் குறைத்துக்கொண்டால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் வேகம் கூடும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. லேப்டாப் பிராசசர்களில் பல, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கருகாமல் தப்பிக்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தறியும் கம்ப்யூட்டரும் ஒரே கூடத்தில் இருந்தால் நூல் தூசி விசிறியின் வழியை அடைக்கும். காலையில் ஒழுங்காக ஓடி, சித்திரை மதியத்தில் மட்டும் இழுக்கிறதென்றால் முதலில் விசிறியைத் துடையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டதால், ‘புதுசு வாங்குங்க’ என்ற குரல் இப்போது இன்னும் ஓங்கிக் கேட்கிறது. சில கம்ப்யூட்டர்களுக்கு அது சரியான யோசனையாகவே இருக்கலாம். ஆனால் முதலில் அளப்பது, அடுத்து வேலையின் எடையைக் குறைப்பது, பிறகு தடுக்கும் பாகத்தை மட்டும் மாற்றுவது, கடைசியாகத்தான் புதிய கம்ப்யூட்டர் என்ற வரிசை மாறக் கூடாது. கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எது நூறைத் தொடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் விலை சொல்பவரிடம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.