ஆறாம் இடத்துக்கும் அதே ஒரு புள்ளி

அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. விளையாட்டு அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய கல்லூரிகள். விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை கொடுக்க இந்தப் பிரிவில் அனுமதி கிடையாது. அப்படியானால் அங்கே ஒரு டென்னிஸ் அணியை எப்படித் திரட்டுகிறார்கள்? எப்படி நடத்துகிறார்கள்?

போட்டியின் கணக்கு

இரண்டு கல்லூரிகள் மோதும்போது இரட்டையரில் 3 ஜோடிகளும் ஒற்றையரில் 6 பேரும் ஆடுவார்கள். ஒரே மாணவர் இரண்டிலும் ஆடலாம். ஒற்றையரில் முதல் இடத்தில் ஆடுபவர் ஜெயித்தாலும் ஆறாம் இடத்தில் ஆடுபவர் ஜெயித்தாலும் அணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளிதான். திறமை வரிசைப்படியே ஆட்களை நிறுத்த வேண்டும் என்பது விதி. எனவே, நல்ல வீரரைக் கடைசி இடத்தில் இறக்கிச் சுலபமாகப் புள்ளி எடுக்க வழியில்லை. ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பியும் பயனில்லை. ஐந்தாம், ஆறாம் இடத்து மாணவர்களைத் தேற்றுவதுதான் பயிற்சியாளரின் முதல் வேலை.

கோர்ட்டுக்கு வெளியே

பள்ளி மாணவர்களைத் தேடி அழைக்கும் பயிற்சியாளர் பணத்தைக் காட்ட முடியாது. கல்லூரியின் படிப்பு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் கட்டண உதவி, அணியில் ஆடக் கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடினாலும், கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் ஏற்றால்தான் அந்த மாணவருக்கு இடம்.

பல சிறிய கல்லூரிகளில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் ஒரே பயிற்சியாளர். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி, இரு தரப்புக்கும் சமமான வாய்ப்பு தர வேண்டும்.

கோர்ட்டுகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஆறு இருந்தால் ஒற்றையர் ஆட்டங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தொடங்கும். நான்குதான் என்றால் இருவர் காத்திருக்க வேண்டும். போட்டி இரவுவரை இழுக்கும். முக்கியமான பருவம் வசந்த காலம் என்பதால், பனி விலகாத வட மாநிலங்களில் உள்ளரங்கக் கோர்ட் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம்.

கோட்டை யார் பார்ப்பது?

ஒவ்வொரு கோர்ட்டிலும் நடுவர் உட்கார்ந்திருப்பதில்லை. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். வேகமாக வரும் பந்து வெள்ளைக் கோட்டின் வெளி ஓரத்தை உரசினாற்போல் விழுகிறது, சரியாகத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே என்றே கொள்ள வேண்டும் என்கிறது விதி. ஆட்டம் கைநழுவும் நேரத்திலும் எதிராளிக்கு அந்தப் புள்ளியைக் கொடுக்க மாணவரைப் பழக்குவதும் பயிற்சிதான்.

ஒரு முன்னுதாரணம்

மினசோட்டாவின் கஸ்டேவஸ் அடால்ஃபஸ் கல்லூரியில் ஸ்டீவ் வில்கின்சன் 1971 முதல் 2009 வரை ஆண்கள் அணிக்குப் பயிற்சி தந்தார். 1980, 1982 ஆண்டுகளில் அந்த அணி மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. அவர் பெற்ற மொத்த வெற்றிகள் 929. நல்ல மனநிலை, முழு முயற்சி, விளையாட்டு நாகரிகம் ஆகிய மூன்றைத்தான் அவர் மாணவர்களிடம் கேட்டார். வெற்றி நம் கையில் இல்லை, இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன என்பது அவர் பாடம்.

ஆகவே, ஒரு சிறிய கல்லூரியின் அணியை எடைபோட விரும்பினால் கோப்பை அலமாரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒற்றையர் ஆட இடமே கிடைக்காத எட்டாவது, பத்தாவது மாணவர் நான்காம் ஆண்டிலும் பயிற்சிக்கு வருகிறாரா என்று பாருங்கள். வருகிறார் என்றால், அந்தப் பயிற்சியாளர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.