அடக்காதீங்க, நண்பர்களே!

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். போன வருஷம் வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போட்டேனே, அதற்குக் காரணம் மலச்சிக்கல்தான்!

காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயக்கம். தண்ணீர் குடித்தால் போகணுமே என்று பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவேன்.

டாக்டர் விளக்கினார். பெருங்குடல் கழிவிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்குவோம். நாளடைவில் போகணும் என்ற உணர்வே மங்கிவிடும்.

நான் செய்தவை:

1. அரை மணி முன்னதாக எழுந்தேன். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் டிபன் முடித்து 10 நிமிஷம் உட்கார்ந்தேன்.

2. கீரை, கொய்யா, சுண்டல் சேர்த்தேன். பாட்டிலைக் காலி செய்தேன்.

3. டாக்டர் தந்த மருந்தை நடுவில் நிறுத்தவில்லை.

சரியாக 2 மாதம் ஆனது.

ரத்தம் வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, எடை குறைந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட நேரத்தில் யாராவது "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டால், தயவுசெய்து அனுப்பி வையுங்கள். நண்பர்களே, நீங்களும் சிரிக்காதீங்க!