இரட்டைக் குழந்தைகளின் வழக்கு

சென்ற கோடையில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சார்ந்த ஊழியர் குடியிருப்பிலே, ஒரு நண்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தொலைக்காட்சியில் "குழந்தையும் தெய்வமும்" ஓடிக்கொண்டிருந்தது. பல பிரதேசத்தாரும் கூடி வாழும் இடமல்லவா? "இது எங்கள் 'லேத மனசுலு' ஆயிற்றே!" என்றார் அடுத்த வீட்டு ஆந்திர அம்மாள். "இல்லை, 'தோ கலியான்'!" என்று வாதாடினார் வடக்கிலிருந்து வந்த நண்பர். நமக்குச் சிரிப்பு வந்தது. கதை பிறந்ததோ ஜெர்மன் தேசத்தில்!

அங்கே எரிக் கெஸ்ட்னர் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1933-ஆம் வருஷம் நாஜிகள் பெர்லின் நகரில் புத்தகங்களைக் கொளுத்தியபோது, தம்முடைய நூல்களும் எரிவதைக் கூட்டத்தோடு நின்று கண்ணால் பார்த்தவர். அவர் இக்கதையை 1949-இல் நாவலாக வெளியிட்டார். விடுமுறை முகாம் ஒன்றில் ஒரே முகச்சாயல் கொண்ட இரு சிறுமிகள் சந்திக்கிறார்கள். ஒருத்தி தாயிடமும் மற்றவள் தந்தையிடமும் வளர்ந்தவர்கள். உண்மை தெரிந்ததும் வீடு மாறிப் போகிறார்கள். 1961-இல் டிஸ்னி கம்பெனி இதைப் படமாக்கிற்று. 1965-இல் ஏவி.எம். நிறுவனத்தாருக்காகக் கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் தமிழில் எடுத்தார்கள். தெலுங்கு 1966-இலும் ஹிந்தி 1968-இலும் வந்தன.

ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். ஆயினும் படத்தைத் தாங்கி நிற்பவள், பத்து வயதும் நிரம்பாத குட்டி பத்மினிதான். 1940-இல் "உத்தம புத்திரன்" படத்தில் பி. யு. சின்னப்பா தோன்றிய நாளிலிருந்து இரட்டை வேடம் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு சிறுமி இரண்டு சிறுமிகளாகி, பிறகு ஒருத்தி மற்றவளாக நடிப்பதென்றால் சாமானியமா?

தமிழில் செய்த முக்கியமான மாறுதல் ஒன்றைச் சொல்லவேண்டும். கெஸ்ட்னரின் கதையில் பிரிவினைக்குத் தம்பதிகளே பொறுப்பாளிகள். நம் படத்திலோ பழி மாமியாரின் தலையில் விழுகிறது. பெண்ணைப் பெற்ற செல்வச் சீமாட்டியான ஜி. வரலக்ஷ்மியின் அகந்தைதான் குடும்பத்தைக் குலைக்கிறது. நம்மவர்க்கு இது வெகு சௌகரியம். பாட்டி திருந்தினால் போதும், புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை!

கெஸ்ட்னர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பெற்றோர் பிரிவதால் துன்புறும் குழந்தைகளைப் போலவே, அவர்கள் பிரியாமலே இருப்பதால் துன்புறும் குழந்தைகளும் உண்டென்று அந்தச் சிறுவர் நூலிலேயே எழுதியிருக்கிறார்.

பள்ளி திறந்ததும் இப்படத்தின் கதையை வகுப்பில் சொன்னோம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. விடுமுறையைப் பாதிப் பாதியாக இரண்டு வீடுகளில் கழித்துவிட்டு வந்தவள் அவள். மணி அடித்தபின் மெல்ல அருகில் வந்து, "ஸார், இரட்டையாய்ப் பிறக்காதவர்கள் என்ன செய்வது?" என்றாள்.

இருபது வருஷ உபாத்தியாயத்தில் இப்படி ஒரு கேள்விக்கு நாம் திகைத்ததில்லை. ஏதேனும் சொல்லவேண்டுமே என்று, 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தைச் சொன்னோம். பிள்ளைக்கு விவேகம் வந்திருந்தால், யாரிடம் இருக்க விரும்புகிறது என்பதையும் நீதிபதி கவனிக்கலாம் என்று அதில் இருக்கிறது.

அவள் சற்று யோசித்தாள்.

"இரண்டு பேரிடமும் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்களா, ஸார்?"