வந்த வேகத்தில் போய்விடும் வலி

நள்ளிரவில் ஆசனவாய்க்கு உள்ளே சுரீரென்று ஒரு குத்தல். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, வியர்த்துக் கொட்டும். சில நிமிடங்களில் வலி இருந்த சுவடே இருக்காது. விடிந்ததும் வீட்டில்கூடச் சொல்லக் கூச்சம். மூலமோ, புற்றுநோயோ என்று மனம் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும்.

மருத்துவர்கள் இதை ‘புராக்டால்ஜியா ஃபியூகாக்ஸ்’ என்பார்கள். பெயர்தான் மிரட்டும், ஆபத்து கிடையாது.

எதனால் வருகிறது?

தூக்கத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறதல்லவா, அப்படி ஆசனவாயின் சுருக்குத்தசையோ அதைச் சுற்றியுள்ள தசைகளோ திடீரென இறுகுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. மனஅழுத்தம், மலச்சிக்கல், தாம்பத்திய உறவு ஆகியவற்றைத் தொடர்ந்து சிலருக்கு வரும். பலருக்குக் காரணமே தெரியாது. ஆண்டுக்குச் சில முறை தலைகாட்டுவதோடு சரி. வலி இல்லாதபோது பரிசோதித்தால் எல்லாம் இயல்பாகவே இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொன்னால் சந்தேகப்பட வேண்டாம்.

மூலமா, இதுவா?

நம் ஊரில் அந்த இடத்தில் எது வலித்தாலும் மூலம்தான். பேருந்து நிலையச் சுவரொட்டிகளுக்கும் இதில் பங்குண்டு. உண்மையில் உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம்தான் வரும். மலம் கழிக்கையில் எரிந்து, பிறகும் நெடுநேரம் வலித்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். விடாமல் விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வலியோ அரை மணிக்குள் முழுக்க அடங்கிவிடும்; அடுத்த முறை வரும்வரை துளியும் தொந்தரவு இருக்காது.

வலிக்கும்போது

வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலியே போயிருக்கும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் உட்காரலாம். மூச்சை மெல்ல இழுத்து விட்டபடி உடலைத் தளர்த்தலாம். அடிக்கடி வந்தால், ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புட்டமால் இன்ஹேலரை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். கடுமையான வலியின் நேரத்தை அது குறைப்பதாக 1996-ல் ஓர் ஆய்வு வெளியானது. நைட்ரேட் களிம்பும் உண்டு. தலைவலி வரலாம், வயாகரா வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆகாது. இவற்றைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

எப்போது போக வேண்டும்?

முதல்முறை வந்தவர்கள் ஒருதடவை காட்டிவிடுவது நல்லது. மலத்தில் ரத்தம், எடை குறைவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், அரை மணியைத் தாண்டும் வலி இருந்தால் தாமதிக்கக் கூடாது. ‘மூலம்தானே’ என்று ரத்தப்போக்கை விட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. விரலால் செய்யும் பரிசோதனை ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.