நாற்பத்திரண்டாம் நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் ஒரு மாற்றத்தைக் காணலாம். ஆண்டு முழுவதும் குடித்தவர்கூட மாலையணிந்து, கறுப்பு வேட்டி உடுத்தி, 41 நாள் மதுவைத் தொடாமல் இருந்துவிடுகிறார். கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு விலகி நிற்போரும் உண்டு. ஆகவே, குடிப்பவரால் நிறுத்தவே முடியாது என்று நாம் சொல்வது முற்றிலும் சரியன்று. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன செய்வது என்பதே கேள்வி. அந்த நாற்பத்திரண்டாம் நாளுக்கென்றே அமைந்தது போன்ற ஒரு சங்கம் உலகில் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.ஏ. என்பர். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம்.

1935-ஆம் ஆண்டு மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் தொழில் நிமித்தமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றது. தங்கியிருந்த ஓட்டலிலேயே மதுக்கூடம் அழைத்தது. அவரோ தொலைபேசியை நாடினார். பாதிரிமார்களை அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால்மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் இரவு பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தார். மதுவின் கேடு ஒரு மருத்துவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அறிவுரை கூறியோரும் பலர். ஆனால், 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று சொன்ன முதல் மனிதரை அவர் அன்றுதான் சந்தித்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் நாளே சங்கத்தின் பிறந்தநாளாயிற்று. இந்தியாவுக்கு அது 1957-இல் வந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கும்? சொற்பொழிவு கிடையாது. வருகைப் பதிவேடும் கிடையாது. பேசுபவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார். குடித்த கதை, விட்ட கதை, இன்று எப்படி இருக்கிறார் என்பது, இவ்வளவே பேச்சு. இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கட்டணம் இல்லை; உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள்; வெளியார் நன்கொடையைச் சங்கம் ஏற்பதில்லை. சேர்வதற்குத் தகுதி ஒன்றே: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். 'இனிச் சாகும்வரை தொடமாட்டேன்' என்ற சத்தியத்தை அங்கே எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள். பிள்ளை தலையில் அடித்துச் செய்யப்படும் நம்மூர்ச் சத்தியங்கள் எத்தனை! அவை அவ்வளவு பெரியனவாக இருப்பதால்தான் முறிகின்றனவோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாலை நேரத்தில் கை பரபரக்கும்போது அழைத்துப் பேச, முன்னரே விட்டவர் ஒருவர் வழிகாட்டியாகவும் அமைவார்.

சங்கத்தின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். 'நாங்கள் அறிந்துகொண்ட வகையில்' என்ற அடைமொழியோடு வருகிறார். பகுத்தறிவாளர் அதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. முறை பலிக்கிறதா என்று கேட்கும் அறிவியல் மாணவர்களுக்கு ஒன்று: 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சீர்தூக்கி, குடியை முற்றிலும் விட்டிருப்பதில் இம்முறையிலான சிகிச்சை பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயன் தருவதாகக் கண்டது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணும் மனக்குழப்பம் முதலியன முதல் சில நாட்களில் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவர் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூட்டம் அதன்பின் நெடுநாள் துணை.

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக நின்றவர் ஒரு பெண்மணி. கணவர் டி.டி. ரங்கநாதனை 1979-இல் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் சிகிச்சை உண்டு. வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழுக்களும் உள்ளன. குடிப்பவர் வர மறுத்தாலும் தாயோ மனைவியோ தாமே செல்லலாம்.

சங்கரன்கோவிலில் ஒருவருக்கு உள்ள பெரிய தடை மானம்தான். தெற்கு ரதவீதியில் தும்மினால் வடக்கு ரதவீதியில் கேட்கும் ஊர் இது. மதுக்கடை வாசலில் பட்டப்பகலில் நிற்கக் கூசாதவர், குடியை விடும் கூட்டத்திற்குப் போவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கூசுகிறார்! பெயர் மறைக்கும் விதி இந்தக் கூச்சத்திற்காகத்தான். அங்கே கண்டதும் கேட்டதும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. அதுவும் போதாது என்பவர் திருநெல்வேலிக்குப் பேருந்தேறலாம்; வேலையாகப் போகிறார் என்றே ஊர் நினைக்கும்.

தேடும் வழி கடினமன்று. தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைக் கேட்கலாம். 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உண்டு. கைப்பேசி வழியே நடைபெறும் கூட்டங்களும் உள்ளன. கூட்டம் கூடும் இடமும் நேரமும் மாறக்கூடுமாதலால், புறப்படுமுன் குழுவினரிடம் பேசிக்கொள்வது நல்லது. தனியே உள்ளே நுழையத் தயக்கமாயிருக்கிறது என்று அப்போதே சொல்லிவிடலாம். உறுப்பினர் ஒருவர் முன்னரே வந்து சந்தித்து, உடன் அழைத்துச் செல்வது அச்சங்கத்தின் பழைய வழக்கம்.