ஒரு மீனுக்கு இரு பெயர்கள்: பெர்லினில் நேர்ந்த குழப்பம்

செங்கடலில் முக்குளிக்கும் ஜெர்மானியர்கள், நீலமும் மஞ்சளுமாக நீளவாட்டில் கோடிட்ட பெரிய மீனொன்றைக் கண்டால் 'கைசர்ஃபிஷ்', அதாவது பேரரசர் மீன், என்கின்றனர். பவளப்பாறைகளில் வாழும் இம்மீனுக்கு 1787இல் 'இம்பெராட்டர்' என்ற அறிவியல் பெயரைச் சூட்டியவர் பெர்லினைச் சேர்ந்த யூத மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளோக். வெப்பமண்டலக் கடல் எதையும் அவர் நேரில் கண்டதில்லை. பிறர் அனுப்பிய மாதிரிகளையும் ஓவியங்களையுமே அவர் நம்பியிருந்தார்.

அவ்வாறு அனுப்பியவர்களுள் ஒருவர் தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். கத்தாளை மீன்களின் பேரினத்துக்கு 1793இல் அவர் நினைவாக 'ஜோனியஸ்' என்று புளோக் பெயரிட்டார். அவற்றில் ஒன்றுக்கு 'கறுத்த' என்ற தமிழ்ச் சொல்லே 'கருட்டா' என லத்தீன் வடிவில் அமைந்தது. வலை இழுத்தவர்களின் சொல் பெர்லின் வரை சென்றது என்பது நம்மவர்கள் அதிகம் அறியாத செய்தி.

கத்தாளையைப் போலன்றி, பேரரசர் மீன் நிறத்தாலேயே ஏமாற்றக்கூடியது. புளோக் 1799இல் காலமானார். அவரது நூலை யோகான் கோட்லொப் ஷ்னைடர் 1801இல் விரிவுபடுத்தி வெளியிட்டபோது, நிக்கோபாரின் பெயரால் 'நிக்கோபாரியென்சிஸ்' என்றொரு மீன் புதிய இனமாகச் சேர்க்கப்பட்டது. உண்மையில் அது பேரரசர் மீனின் குஞ்சு! கருநீல உடலில் வெண்வளையங்கள் கொண்ட குஞ்சுக்கும் வளர்ந்த மீனுக்கும் தோற்றத்தில் ஒற்றுமையே இல்லை. இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெளிவானபோது, முந்திய பெயர் என்பதால் 'இம்பெராட்டர்' நிலைத்தது.

இந்த நிறமாற்றம் எதற்காக? பவேரியாவின் சேவீசன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கொன்ராட் லோரன்ஸ் 1960களில் ஒரு விளக்கம் அளித்தார். பளிச்சிடும் நிறம் தன்னினத்தவருக்கான எச்சரிக்கை. எல்லை காக்கும் மீன் அதே நிறமுள்ள மீனைத்தான் விரட்டும். வேறு நிறத்தில் இருக்கும் குஞ்சு தப்பிவிடும் என்பது அவர் வாதம். எல்லா வண்ண மீன்களுக்கும் இது பொருந்துவதில்லை எனப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினாலும், பேரரசர் மீனுக்கு இவ்விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

மன்னார் வளைகுடாவிலோ இலங்கைக் கரையோரத்திலோ மீன்களைக் கணக்கெடுப்பவர் இதை அறியாவிட்டால் ஓர் இனத்தை இரண்டாக எண்ணிவிடுவார். நெருங்கிய உறவினமான அரைவட்டக்கோட்டு மீனின் குஞ்சும் கருநீலமே என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அங்கே வெண்கோடுகள் பிறைபோல் வளைந்து நின்றுவிடும். பேரரசர் மீனின் குஞ்சிலோ, வாலருகே ஒரு கோடு முழு வளையமாக மூடியிருக்கும். நிறத்தை விட்டு அந்த வளையத்தைத் தேடுவதே முக்குளிப்போருக்கு எளிய வழி.